காதுண்டு, வாயில்லை!

"வாயிருந்தால் வங்காளம் போகலாம்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். வழி தெரியாதவன் வெட்கப்படாமல் நாலு பேரைக் கேட்டால் எவ்வளவு தூர தேசத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அதன் கருத்து. இக்காலத்திலோ வாய்க்கு வேலை மிகவும் குறைந்துவிட்டது. ஊருக்குப் புதியவர் டீக்கடை வாசலில் நின்று, "ஐயா, இந்தத் தெரு எங்கே இருக்கிறது?" என்று கேட்பது அபூர்வமாகி வருகிறது. கைபேசியை எடுக்கிறார், அதில் ஒரு நீலப் புள்ளி தெரிகிறது, புள்ளி காட்டிய வழியே போகிறார். கலியாணப் பத்திரிகையில்கூட மண்டபத்துக்கு வழி எழுதுவதை விட்டுவிட்டுக் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சித்திரத்தை அச்சிட்டுவிடுகிறார்கள்.

இந்த நீலப் புள்ளியைப் பற்றி நம் ஜனங்களிடையே இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. வானத்திலிருந்து ஒரு கண் நம்மை எப்பொழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது ஒன்று. ஆகையால் நமக்கு ஆபத்து நேர்ந்தால் நாம் இருக்கும் இடம் எப்படியும் பிறருக்குத் தெரிந்துவிடும் என்பது மற்றொன்று. வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டாலும் இதையே சொல்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களைக் கேட்டாலும் இதையே சொல்கிறார்கள். இரண்டும் தவறு. முதல் தவறினால் வீண் பயம் உண்டாகிறது. இரண்டாவதனால் உயிருக்கே நஷ்டம் உண்டாகலாம். ஆகவே, இந்த விஷயத்தைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

கரையைப் பார்க்கும் மீனவர்

கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் கடலுக்கு அடியில் மறைந்திருக்கும் 'பார்' என்னும் பாறைத் திட்டுக்களைத் தேடிப் போய்த் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பாறைக்கு நேர் மேலே போய்ப் படகை நிறுத்துவது எப்படி? அவர்கள் கரையைப் பார்ப்பார்கள். மாதா கோயில் கோபுரம் ஒன்றும், அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் உள்ள மலைச் சிகரம் ஒன்றும் நேராகப் பொருந்தித் தெரிந்தால் அது ஒரு கோடு. வேறொரு திசையில் ஒரு பனந்தோப்பும் இன்னொரு சிகரமும் பொருந்தினால் அது மற்றொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே அவர்கள் தேடிய இடம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோபுரம் படகைப் பார்க்கவில்லை. மலைக்கோ அப்படி ஒரு படகு இருப்பதே தெரியாது. பார்ப்பவரும் மீனவர், கணக்குப் போடுகிறவரும் மீனவர்.

வானத்தில் உள்ள செயற்கைக் கோள்களும் அந்த மலைச் சிகரங்களைப் போன்றவைதாம். ஜி.பி.எஸ். என்று நாம் சொல்லும் அமெரிக்கக் கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் நாளைக்கு இரண்டு தடவை பூமியைச் சுற்றுகின்றன. குறைந்தது 24 கோள்கள் வேண்டும் என்பது திட்டம். அதற்கு மேலும் சில சுற்றிவருகின்றன. இவற்றைத் தவிர ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பியரின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய கூட்டங்களும் உண்டு. இவற்றில் ஒவ்வொரு கோளும் இராப் பகலாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறது: "நான் இன்ன கோள், நான் இருக்கும் இடம் இன்னது, இப்பொழுது நேரம் இன்னது." நமது கைபேசி இந்தப் பாட்டைக் கேட்கிறது, பதில் ஒன்றும் சொல்வதில்லை. வானொலியில் கச்சேரி செய்யும் வித்துவானுக்குத் தம் பாட்டை எந்த வீட்டில் யார் கேட்கிறார்கள் என்று தெரியுமா? அதைப்போல, நாம் கேட்கிறோம் என்ற சமாசாரம் இந்தக் கோள்களுக்குத் தெரியாது.

நான்கு கோள்கள் ஏன்?

பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் இடம் எப்படித் தெரியும்? மின்னல் வெட்டிய பிறகு இடி கேட்கும் வரையில் எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்வதால், மூன்று எண்ணினால் இடி ஒரு கிலோ மீட்டர் தூரத்தில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். கைபேசி செய்வதும் இதுவேதான். ஆனால், ரேடியோ அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து அது நம்மிடம் வந்து சேர விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கே ஆகிறது. புறப்பட்ட நேரம் பாட்டிலேயே இருக்கிறது. வந்த நேரத்திலிருந்து அதைக் கழித்தால் தூரம் கிடைக்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். விநாடியைப் பத்து லட்சம் கூறு செய்து அதில் ஒரு கூறு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. நமது கைபேசியில் இருப்பதோ மலிவான சிறு கடிகாரம். கணக்குப் படித்தவர்கள் இதற்குப் பரிகாரத்தை உடனே ஊகிக்கலாம். வடக்குத் தெற்கு, கிழக்கு மேற்கு, உயரம், கைபேசிக் கடிகாரத்தின் பிழை என்று தெரியாத தொகைகள் நான்கு. ஆகவே சமன்பாடுகளும் நான்கு வேண்டும். நான்கு கோள்களின் பாட்டு ஒருங்கே கேட்டால் நான்கும் தெரிந்துவிடும். திறந்த வெளியில் நல்ல கைபேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

இன்னும் ஓர் ஆச்சரியம். உயரத்தில் பூமியின் ஈர்ப்புக் குறைவாதலால் அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட வேகமாக ஓடும் என்றும், விரைந்து செல்வதால் அது சற்று மெதுவாக ஓடும் என்றும் ஐன்ஸ்டீன் கண்டார். இரண்டையும் கூட்டிக் கழித்தால், கோளிலுள்ள கடிகாரம் நாளொன்றுக்கு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகிறது. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் பிசகு சேர்ந்துவிடும். ஒரு காலத்தில் பண்டிதர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணப்பட்ட சித்தாந்தம் இன்று காய்கறிச் சந்தைக்கு வழி காட்டுகிறது!

பிறர் வீட்டுக் கடிகாரம்

இவ்வளவு பெரிய தர்மத்தை நடத்துகிறவர் யார் என்று தெரிந்துகொள்வதும் அவசியம். ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1973-ல் திட்டமிடப்பட்டு, 1978-ல் முதற் கோள் ஏவப்பட்டு, 1995-ல் அது பூரணமாயிற்று. 1983-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி கொரிய விமானம் ஒன்று வழி தவறி ஸோவியத் எல்லைக்குள் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகே, இந்த வசதியை உலகத்தார் அனைவரும் இலவசமாக உபயோகிக்கலாம் என்று ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். ஆயினும், பொது ஜனங்களுக்கு வரும் அலையில் வேண்டுமென்றே சிறிது பிழையைக் கலந்துவைத்திருந்தார்கள். 2000-ஆம் வருஷம் மே மாதத்தில்தான் அதை நிறுத்தினார்கள். கொடுத்தவர் குறைக்கவும் கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நமது தேசம் 2013 ஜூலை முதல் சொந்தக் கோள்களை ஏவத் தொடங்கி, 2016 ஏப்ரலில் ஏழாவதையும் ஏவிற்று. 'நாவிக்' என்பது அக்கூட்டத்தின் பெயர். இவை சுமார் 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் பாரதத்தின் பக்கமாகவே உலவுமாறு அமைக்கப்பட்டவை. ஆனால், வாங்கிய பொருளின் வாசி இங்கேயும் தெரிந்தது. முதற் கோளில் இருந்த அந்நிய தேசத்து அணுக் கடிகாரங்கள் மூன்றும் பழுதாயின; வேறு கோள்களிலும் இந்த உபத்திரவம் தொடர்ந்தது. நம் விஞ்ஞானிகள் சொந்தமாகவே அணுக் கடிகாரம் ஒன்றைச் செய்து 2023 மே மாதம் ஏவிய கோளில் வைத்தார்கள். 2025 ஜனவரியில் ஏவிய அடுத்த கோள் உரிய பாதையை அடையாமற் போயிற்று. கோள்களை ஏவுவதோடு காரியம் முடிவதில்லை. விடாமல் பேணி வரவும் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

ஒக்கிப் புயலின் பாடம்

இனி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கரையை ஒட்டிச் சென்று அரபிக் கடலில் புகுந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்காகத் தங்கி மீன் பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். புயல் எச்சரிக்கை கரைக்கு வரும் முன்பே பல படகுகள் வெகு தூரம் போய்விட்டிருந்தன. அவற்றில் ஜி.பி.எஸ். கருவிகள் இல்லாமல் இல்லை. தாங்கள் நிற்கும் அட்ச ரேகை இன்னது, தீர்க்க ரேகை இன்னது என்பது படகோட்டிகளுக்குத் தெரியும். ஆனால், கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. படகிலிருந்த ஒலிக் கருவியின் குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை; கைபேசிக் கோபுரத்தின் எல்லையோ கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவேயில்லை.

தான் இருக்கும் இடத்தைத் தான் அறிவது வேறு; அதைப் பிறருக்கு அறிவிப்பது வேறு. முதலாவதற்குக் காது போதும். இரண்டாவதற்கு வாய் வேண்டும். கைபேசியில் உள்ள ஜி.பி.எஸ். கருவிக்குக் காதுண்டு, வாயில்லை.

இந்தப் பாடத்தை மெல்ல மெல்லவே கற்றோம். 2010 முதலே நமது விண்வெளி நிலையத்தார் செய்த அபாய அறிவிப்புக் கருவி ஒன்று இருந்தது. அது படகிலிருந்து கோளுக்குச் செய்தி சொல்லும். ஆனால், செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைப் படகிலிருப்பவர் அறிய வழியில்லை. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வெளிவந்தது. அது கோள் மூலமாக வரும் புயல் எச்சரிக்கையை வாங்கி மீனவரின் கைபேசியில் காட்டும். ஆனால், மீனவர் திரும்ப ஒரு வார்த்தை சொல்ல முடியாது. முன்னதற்கு வாய் உண்டு, காதில்லை. பின்னதற்குக் காதுண்டு, வாயில்லை! 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை அபாயக் கருவியில்தான், "உங்கள் செய்தி கிடைத்தது, உதவி வருகிறது" என்ற பதிலும் படகுக்குப் போகும்படி செய்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில், ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் இருவழிக் கருவி பொருத்தும் திட்டமும் தொடங்கப்பட்டது. நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அந்தப் பதில் ஒன்றே எவ்வளவு தெம்பு அளிக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

கடலுக்குப் போகாத நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். கொல்லிமலைக்குப் போகிற குடும்பமும், இரவில் நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நிற்கிற பிரயாணியும், காட்டோரத்துக் கோயிலுக்குப் போகிற பக்தர்களும் இதே நிலையில் அகப்பட்டுக்கொள்ளக்கூடும். அவர்களுக்காகச் சில விவரங்கள்:

கைபேசியில் 'சிக்னல்' இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். கோபுரத்தின் உதவி இருந்தால் கோள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பஞ்சாங்கம் உடனே கிடைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் அதைக் கோள்களிடமிருந்தே மெதுவாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் சில நிமிஷங்கள் ஆகலாம். திறந்த வானத்தின் கீழ்ப் பொறுமையாக நின்றால் போதும். ஆனால், புள்ளியைச் சுற்றியுள்ள படம் வலைத் தொடர்பின் மூலம் வருவது. ஆகவே, போகும் பிரதேசத்தின் படத்தை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். படத்தில் நாம் நிற்கும் இடத்தின்மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் இரண்டு எண்கள் தோன்றும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேல் அழுத்தினால் ஏறக்குறைய 9.92 என்றும் 78.12 என்றும் வரும். முதலாவது அட்ச ரேகை. இரண்டாவது தீர்க்க ரேகை. புள்ளிக்குப் பிறகு நான்கு ஸ்தானங்கள் சொன்னால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். ஐந்து சொன்னால் சுமார் ஒரு மீட்டருக்குள் வந்துவிடும். ஒரு ஜாக்கிரதை: சில கருவிகள் டிகிரி, நிமிஷம், விநாடி என்று காட்டும். 9.30 டிகிரி என்பதும் 9 டிகிரி 30 நிமிஷம் என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே 22 கிலோ மீட்டர் இருக்கிறது! தேடி வருகிறவர் வேறு தாலுகாவில் போய் நிற்பார்.

மூன்றாவது, அந்த எண்களைச் சொல்ல வேண்டும். வலைத் தொடர்பு கிடைக்காத இடத்திலும் சாதாரணக் குறுஞ்செய்தி போய்ச் சேருவதுண்டு. இரண்டு எண்களையும், எத்தனை பேர் இருக்கிறோம் என்பதையும் எழுதி வீட்டாருக்கு அனுப்பிவிட்டு, 112 அல்லது 108-க்குப் பேச முயல வேண்டும்.

இந்த எண்களின் அருமை பழங் கதை ஒன்றைக் கேட்டால் விளங்கும். 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் இத் தேசத்தின் பெரிய நில அளவையைத் தொடங்கினார். அரை டன் கனமுள்ள கோணமானியை ஊர் ஊராகத் தூக்கிச் சென்றார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது, 1808-ல், அது மோதிச் சேதமடைந்தது. அப்படிப் பாடுபட்டுத் தேடிய எண்கள் இன்று பள்ளிச் சிறுவனின் சட்டைப் பையில் கிடக்கின்றன, படிக்கத்தான் ஆளில்லை.

வாய் எங்கே இருக்கிறது?

"வானத்துக் கண்ணுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறீர்களே, நான் நேற்று எங்கே போனேன் என்பது கைபேசிக்குத் தெரிந்திருக்கிறதே?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே. ஜி.பி.எஸ். கருவிக்கு வாயில்லை, ஆனால், அதே கைபேசிக்குள் வேறு வாய்கள் பல இருக்கின்றன. கோபுரத்தோடு அது எப்பொழுதும் பேசிக்கொண்டிருக்கிறது. ஆகையால், எந்தக் கோபுரத்தின் நிழலில் நிற்கிறோம் என்பது கம்பெனிக்குத் தெரியும். அன்றியும், நாம் ஏற்றிக்கொண்ட செயலிகள் பலவும், "இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்க, நாம் படித்துப் பாராமலே சரி என்று விரலை வைத்துவிடுகிறோம். சொல்பவர் கோள் அல்ல, நாமே.

அதன் விளைவுக்கு ஓர் உதாரணம். தேகப் பயிற்சிக்காரர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஒரு செயலிக் கம்பெனி 2017 நவம்பரில் உலகப் படம் ஒன்றை வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. ஆயினும், ஆளில்லாப் பாலைவனங்களின் நடுவே ஓட்டப் பாதைகள் ஒளி வீசுவதைக் கண்டு, அவை ராணுவ முகாம்கள் என்று 2018 ஜனவரியில் பலர் கண்டுகொண்டார்கள். சிப்பாய்கள் காலையில் ஓடிய ஓட்டமே முகாமைக் காட்டிக் கொடுத்துவிட்டது!

ஆகவே, விளக்கொளி காட்டும் செயலிக்கும் சமையற் குறிப்புச் செயலிக்கும் நம் இருப்பிடம் எதற்கு? கைபேசியின் அமைப்புப் பகுதியில், 'உபயோகிக்கும்போது மட்டும்' என்றும், 'தோராயமான இடம் மட்டும்' என்றும் அனுமதியைக் குறைத்து வைக்கலாம். வீட்டுப் பெண்மணிகளும் பிள்ளைகளும் இதை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்து ஒழுங்கு செய்துகொள்வது நல்லது.

புள்ளி வேறு, பாதை வேறு

கடைசியாக ஒரு வார்த்தை. புள்ளி வானத்திலிருந்து வருவது. பாதையோ மனிதர் வரைந்தது. புள்ளி பொய் சொல்வது குறைவு; பாதை பழையதாகிவிடலாம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பரேலி அருகே மோட்டார் காரில் சென்ற மூவர், படம் காட்டிய வழியே போய், வெள்ளத்தில் அறுந்துபோன பாலத்திலிருந்து ராமகங்கை ஆற்றில் விழுந்து இறந்தார்கள். பாலம் அறுந்த செய்தி அக்கம்பக்கத்து ஊராருக்குத் தெரிந்திருக்கும், படத்துக்கு எட்டவில்லை. மழைக் காலத்தில் தரைப்பாலத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை இருபதாயிரம் கிலோ மீட்டர் உயரத்திலிருந்து வரும் பாட்டு சொல்லாது. கரையில் மாடு மேய்க்கும் சிறுவன் சொல்வான்.

அறியாத ஊரில் கைபேசியின் காதை நன்றாக உபயோகிப்போம். ஆபத்தில் அகப்பட்டால் நம் இடத்தை நாமே எண்ணாகப் படித்துப் பிறருக்குச் சொல்வோம், வேண்டாதவர்களுக்குச் சொல்லாதிருப்போம். முன்னே செல்லும் பாதையில் சந்தேகம் தோன்றினாலோ, வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி எதிரே வருகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். வங்காளம் வரையில் போவதற்கு இன்னமும் அந்த வாய் வேண்டியிருக்கிறது.